புது கீசர் மாட்டியும் ஷவர்ல வெதுவெதுப்புதானா? பிளம்பருக்கு போன் போடும் முன் ஒரு வாளியை எடுங்க!

"ஏத்தா, புது மிஷினுன்னு சொன்னீக... இதுக்கு வெறகடுப்பே தேவலையேத்தா!"

மார்கழி விடியற்காலையில, நயினார்கோவில் வீட்டு பாத்ரூம்ல இருந்து வெளிய வந்த அப்பத்தா சொன்ன முதல் வார்த்தை இது. 'ராமநாதபுரம் வெயிலுக்கு கீசரா?'ன்னு சென்னை நண்பர்கள் சிரிப்பாங்க. மூட்டுவலியோட விடியற்காலை குளிக்கிற ஒருத்தர் வீட்ல இருந்தா சிரிப்பு வராது.

பழைய கீசர் டேங்க் உப்புத் தண்ணியில அரிச்சு ஒழுக ஆரம்பிச்சதால, அதே 15 லிட்டர்ல புதுசு வாங்கி மாட்டினோம். முதல் நாளே ஷவர்ல வெதுவெதுப்புதான். கடையில கேட்டா "சர்வீஸுக்கு போன் பண்ணுங்க"ன்னாங்க. சர்வீஸ்ல "தெர்மோஸ்டாட்டா இருக்கும்"னாங்க. மாட்டின பிளம்பர் "மிக்ஸர் போயிருச்சு, மாத்திடலாம்"னார். ஆளுக்கு ஒரு காரணம், எல்லாத்துக்கும் ஒரு செலவு. நாங்க யோசிச்சுக்கிட்டு இருந்த ரெண்டு நாள்ல, அப்பத்தா அடுப்புல பானையை வெச்சு, கொதிக்கிற தண்ணியை வழுக்குற பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம்தான் நானே உட்கார்ந்து இதைக் கத்துக்கிட்டேன்.

கத்துக்கிட்டது இதுதான். பிரச்னை கீசர்லயா, மிக்ஸர்லயான்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க. அதைக் கண்டுபிடிக்க 10 நிமிஷமும் ஒரு வாளியும் போதும்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு

சில நேரம் கீசர், மிக்ஸர் ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும், நம்ம எதிர்பார்ப்புதான் அதிகமா இருக்கும். 25 டிகிரியில இருக்கிற 15 லிட்டர் தண்ணியை 60 டிகிரிக்குக் கொண்டுபோக, 2,000 வாட் கீசருக்கு சுமார் 18 நிமிஷம் ஆகும். அந்த வெந்நீரோட பச்சத்தண்ணி கலந்து, குளிக்கிற பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவந்தா மொத்தம் 35 லிட்டர் கிடைக்கும். அதாவது ரெண்டு வாளிக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்குமேல ஷவர் அடியில நின்னு பாட்டுப் பாடினா வெதுவெதுப்புதான் வரும். அது ரிப்பேர் இல்ல.

வோல்டேஜையும் பாருங்க. 230 வோல்ட்டுக்குப் பதிலா 180 வந்தா, கீசரோட சக்தி சுமார் 60 சதவிகிதமாக் குறைஞ்சிடும். 18 நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். அதனால நிமிஷத்தை எண்ணாதீங்க; கீசர்ல இருக்கிற சிவப்பு லைட் அணையுதான்னு பாருங்க.

பழைய 15 லிட்டரைக் கழட்டிட்டு 3 லிட்டர் 'இன்ஸ்டன்ட்' மாட்டியிருந்தா கதையே வேற. 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசரால, 25 டிகிரி தண்ணியை 40 டிகிரிக்கு நிமிஷத்துக்கு சுமார் 3 லிட்டர்தான் தொடர்ந்து தர முடியும். பெரிய ஷவர் அதைப்போல பல மடங்கு கேட்கும். இன்ஸ்டன்ட்டுக்கு வாளிக் குளியல்தான் சரி.

டெஸ்ட் 1: வாளி

கீசரை ஆன் பண்ணி, லைட் அணையுற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிடுங்க. மிக்ஸர்ல பச்சத்தண்ணி திருகை முழுசா மூடி, சுடுதண்ணி திருகை மட்டும் திறந்து, கீழே இருக்கிற குழாய் வழியா வாளியில பிடிங்க. ஒரே லீவர் மாடல்னா முழுசா சூடு பக்கம் தள்ளுங்க. தண்ணியில கையை விடாதீங்க, 60 டிகிரி தண்ணி சில விநாடியிலேயே தோலைச் சுட்டுடும்.

ஆவி பறக்க அரை வாளி வந்துச்சுன்னா, கீசர் நல்லா இருக்கு. கோளாறு மிக்ஸர்லயோ ஷவர்லயோதான். வாளியிலயும் வெதுவெதுப்புன்னா அடுத்த டெஸ்ட்டுக்குப் போங்க.

டெஸ்ட் 2: ஆங்கிள் காக்

கீசருக்குப் பச்சத்தண்ணி போற லைன்ல இருக்கிற ஆங்கிள் காக்கை இறுக்கி மூடுங்க. இப்பவும் மிக்ஸர்ல சுடுதண்ணி திருகை மட்டும் திறங்க. கீசருக்குள்ள தண்ணி போகலன்னா, வெளியவும் வரக் கூடாது. பைப்ல மிச்சம் இருக்கிறது கொஞ்சம் ஒழுகிட்டு நின்னுடணும்.

நிக்காம வந்துக்கிட்டே இருக்கா? அப்போ மிக்ஸருக்குள்ளயே பச்சத்தண்ணி சுடுதண்ணிப் பாதைக்குத் தாவுது. உள்ள வாஷரோ, கார்ட்ரிட்ஜோ தேய்ஞ்சிருக்கும். பல மாடல்கள்ல அதை மட்டும் மாத்தலாம், முழு மிக்ஸரையும் மாத்த வேண்டியதில்ல. தண்ணி நின்னுடுச்சுன்னா மிக்ஸர் மேல தப்பு இல்ல, கீசர் பக்கம் பாருங்க.

எங்க வீட்ல தண்ணி நின்னுடுச்சு. பிளம்பர் சொன்ன புது மிக்ஸர் செலவு அந்த நிமிஷமே மிச்சம்!

நீலமும் சிவப்பும்

அப்புறம்தான் கீசரோட அடிப்பக்கத்தை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டு பைப் வாய். ஒண்ணுல நீல வளையம், ஒண்ணுல சிவப்பு வளையம். நீலம் பச்சத்தண்ணி உள்ள போற வழி, சிவப்பு சுடுதண்ணி வெளிய வர்ற வழி. பழைய கீசர்ல நீலம் வலது பக்கம் இருந்துச்சு. புதுசுல இடது பக்கம். மாட்டினவர் பழைய ஹோஸ்களை இருந்த இடத்துலயே அப்படியே முடுக்கிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

இதனால ஏன் சூடு போகுது? சூடான தண்ணி எப்பவும் டேங்கோட மேல்பக்கம் நிக்கும். அதனால நிமிர்ந்த டேங்க்ல சிவப்பு வாய்க்குள்ள ஒரு நீளமான குழாய் உச்சி வரைக்கும் போய், அங்கிருந்து எடுக்கும். பச்சத்தண்ணி அடியில மெதுவா இறங்கி, வெந்நீரை மேல தள்ளும். மாத்தி மாட்டினா, பச்சத்தண்ணி நேரா உச்சிக்குப் போய் எல்லாத்தையும் கலக்கிடும். நாம எடுக்கிறதோ அடித் தண்ணி. முதல்ல கொஞ்சம் சூடு, அப்புறம் வெதுவெதுப்புன்னு வந்தா, மாத்தின வீட்ல முதல் சந்தேகம் இதுமேல இருக்கட்டும்.

நீலமும் சிவப்பும் சரியா இருந்தா, தெர்மோஸ்டாட் திருகு குறைச்சு வெச்சிருக்கான்னு பாருங்க. அதுவும் சரின்னா சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாம். வாரன்ட்டி இருக்கும்போது மூடியை நீங்களா கழட்டாதீங்க.

வாளியில சூடு, ஷவர்ல இல்லையா?

பழைய கீசரைக் கழட்டும்போது உள்ள படிஞ்சிருந்த உப்புப் பொருக்கு உடைஞ்சு பைப்ல ஓடும். அது மிக்ஸரோட சுடுதண்ணி வாயில இருக்கிற சின்ன சல்லடையில போய் அடைச்சுக்கும். சுடுதண்ணி நூலா வரும், பச்சத்தண்ணி பீறிட்டு வரும். கலந்தா வெதுவெதுப்பு. சல்லடையைக் கழுவினா முடிஞ்சது. ஷவர் தலையையும் ராத்திரி வினிகர்ல ஊறப்போட்டு, காலையில தேய்ச்சுக் கழுவுங்க.

அடுத்தது பிரஷர். தண்ணி 10 மீட்டர் உயரத்துல இருந்து இறங்கினாத்தான் 1 பார் அழுத்தம். நம்ம மாடித் தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேல இருந்தா 0.3 பார்தான். இதுல பச்சத்தண்ணி லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் போட்டிருந்தா, அது சுடுதண்ணியை வெளியவே வர விடாது. ரெண்டு லைனுக்கும் ஒரே அழுத்தம் இருக்கணும். பம்ப் வைக்கும் முன்னாடி, கீசர் எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு அதோட ஸ்டிக்கர்ல பாருங்க.

நம்ம ஊரு உப்புக்கு...

குடிக்கிறதுக்குக் காவிரித் தண்ணி வந்தாலும், குளிக்கிறது பல வீட்ல போர் தண்ணியிலதான். குடிநீர்ல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழி இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. போர் தண்ணி இதைத் தாண்டினா, ஹீட்டிங் காயில் மேல சுண்ணாம்பு மாதிரி படியும். சூடாக நேரமாகும், காயிலும் சீக்கிரம் போகும். டேங்க் அரிக்காம இருக்க உள்ள ஒரு மெக்னீஷியம் கம்பி இருக்கும். டேங்க்குக்குப் பதிலா அது கரையும். வருஷத்துக்கு ஒருதடவை சர்வீஸ் ஆளை வெச்சு அதைப் பார்க்கச் சொல்லுங்க. எங்க பழைய கீசர்ல ஒருதடவைகூட பார்க்கல.

இதை மட்டும் மறக்காதீங்க

* பைப்பைத் தொடும் முன் ஸ்விட்ச் மட்டுமில்ல, எம்.சி.பி-யையும் ஆஃப் பண்ணுங்க.

* பச்சத்தண்ணி வாயில இருக்கிற சேஃப்டி வால்வ், சூடாகும்போது சொட்டுறது இயல்பு. ஒழுகுதுன்னு அதை அடைச்சுடாதீங்க. உள்ள ஏறுற அழுத்தம் வெளிய போக அதுதான் வழி.

* மறுபடி மாட்டினதும் ஆங்கிள் காக்கைத் திறந்து, சுடுதண்ணிக் குழாய்ல காத்து இல்லாம தண்ணி சீரா வந்த பிறகுதான் கரன்ட் கொடுக்கணும். காலி டேங்க்ல ஆன் பண்ணினா காயில் கருகிடும்.

* எர்த் சரியா இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை வெச்சு ஒருதடவை பார்த்துடுங்க.

எங்க வீட்டுக்கு பிளம்பரை மறுபடி வரச்சொல்லி, நீலத்தையும் சிவப்பையும் காட்டினேன். ஒரு நிமிஷம் மேல பார்த்தவர், "அட, ஆமாங்க"ன்னு சிரிச்சுட்டார். சேஃப்டி வால்வை நீல வாய்க்கு மாத்தி, ஹோஸ்களை இடம் மாத்த 20 நிமிஷம் ஆச்சு. காசு வாங்கல.

மறுநாள் காலையில விறகடுப்பு பத்தவே இல்ல. குளிச்சுட்டு வந்த அப்பத்தா, "கொஞ்சம் சூட்டைக் குறைச்சு வையித்தா, தோலு உரியுது"ன்னாங்க. தெர்மோஸ்டாட்டை 50-க்குக் குறைச்சு வெச்சிருக்கேன்.