அத்தை சாப்பிட்டதை மறந்தால் மருமகள் மேல் பழியா?



எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாயார். காலை எட்டு மணிக்கு மருமகள் இட்லி வைத்துக் கொடுக்கிறாள். சாப்பிட்டுக் கை கழுவுகிறார். ஒன்பது மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களிடம், "இந்த வீட்டிலே எனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த ஆளில்லை" என்கிறார். கேட்டவர்கள் நாலு வீட்டில் சொல்கிறார்கள். வயலிலிருந்து வந்த மகன் மனைவி மேல் பாய்கிறான். "போட்டேங்க, சத்தியமாப் போட்டேன்" என்று அவள் அழுகிறாள்.

இதில் பொய் சொன்னவர் யார்? ஒருவருமில்லை. மருமகள் போட்டது உண்மை. போடவில்லை என்று தாயார் நம்புவதும் உண்மை. சாப்பிட்டது அவர் மூளையில் பதியவேயில்லை. இதுதான் டிமென்ஷியா என்னும் மறதி நோய்.

முதுமையா, நோயா?

பேரன் பெயர் சட்டென்று வாயில் வராதது வயதின் தளர்ச்சி. பேரனையே "யாருப்பா நீ?" என்று கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, நாற்பது வருஷம் வைத்த குழம்பை வைக்கத் தெரியாமல் திகைப்பது, "என் பணத்தை எடுத்துட்டாங்க" என்று ஓயாமல் சந்தேகப்படுவது, இவையெல்லாம் நோயின் அடையாளங்கள். மூளையின் செல்கள் சிறுகச் சிறுக அழிவதால் இப்படி ஆகிறது. பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்

தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு இரத்தம் கட்டுவது ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்ற வகை மறதி நோயை முழுதும் குணமாக்க மருந்து இல்லை; சில மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் உதவும். மிச்சமெல்லாம் வீட்டாரின் பராமரிப்புதான்.

வீட்டில் எப்படி நடந்துகொள்வது?

"இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாடாதீர்கள். வாதாடினால் கோபம்தான் வளரும். "இதோ ஆயிடுச்சு அத்தை, அதுவரைக்கும் இந்த மோரைக் குடிங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

குளியல், சாப்பாடு, தூக்கம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், அரிவாள் கைக்கெட்டாமல் இருக்கட்டும். கிணற்றை மூடி வையுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும்.

ஊர்ப் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டைச் சுருக்குப்பையிலோ சட்டைப்பையிலோ வையுங்கள்.

கட்டிப் போடுவதோ, அறையில் பூட்டி வைப்பதோ கூடாது.

கணவருக்கு ஒரு வார்த்தை

உங்கள் தாயார் சொல்வதைக் கேட்டதும் மனைவி மேல் கோபப்படாதீர்கள். ஒரு நாள் முழுவதும் வீட்டிலிருந்து நீங்களே பாருங்கள். இரவில் நாலு முறை எழுந்து, துணி மாற்றி, துவைத்து, பிறகு களை எடுக்கவும் போகிறவள் எத்தனை நாள் தாங்குவாள்? மாலையில் இரண்டு மணி நேரம் அம்மாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி முறையும் உங்களுடையதாகட்டும். "எங்க அம்மாவுக்கு மறதி நோய், அவங்க சொல்றதை வச்சு என் வீட்டுக்காரியைப் பேசாதீங்க" என்று அக்கம்பக்கத்தில் நீங்கள் சொல்லவேண்டும். மனைவி சொன்னால் எடுபடாது; மகன் சொன்னால் எடுபடும்.

மனைவிக்கு ஒரு வார்த்தை

அத்தை திட்டுவது நோயின் பேச்சு. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் தனியே சுமக்கவும் வேண்டாம். தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, யாரையாவது அடித்துவிடத் தோன்றும் ஆத்திரம், இவை வந்தால் உங்களுக்கும் ஓய்வும் உதவியும் தேவை. 14416 என்ற நம்பருக்குப் பேசினால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

இன்னொன்று. நீங்களும் ஒரு வீட்டுக்கு நாத்தனார்தானே? பிறந்த வீட்டில் அம்மாவுக்கு இந்த நோய் இருந்தால், "அண்ணி சரியாப் பார்க்கலை" என்று போனில் சொல்லாதீர்கள். மாதத்தில் நாலு நாள் போய் இருந்து, அண்ணியைத் தூங்கவிடுங்கள்.

ஊரார் செய்யக்கூடியது

மகளிர் குழுவில் இதைப் பேசுங்கள். வழி தவறித் திரியும் பெரியவரைக் கையைப் பிடித்து வீட்டில் சேருங்கள். கிராம சுகாதார நர்ஸிடம் சொன்னால், எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த டாக்டரிடம் போவது என்று வழி காட்டுவார்.

பெரியவருக்கு நம் பெயர் மறந்து போகலாம். அன்பாகப் பேசினோமா, அதட்டினோமா என்பதை அவர் மனம் அறியும். சுமையை இருவருமாகத் தூக்குங்கள், குடும்பம் தழைக்கும்.