90 விநாடி வீடியோவும் வகுப்பறைப் பேச்சும்

வகுப்பில் டீச்சர் ஒரு கேள்வி கேட்கிறார். முன் பெஞ்சில் நாலு கை உயர்கிறது. மீதி முப்பது பேருக்குப் பதில் தெரியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது சரியா?

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆக, பல பிள்ளைகளுக்கு இல்லாதது யோசிக்க நேரம்.

வீடியோ பதில் தருவது இந்த நேரத்தைத்தான். ஆசிரியர் கேள்வியை முதல் நாளே கொடுப்பார். பிள்ளை யோசித்து, பிடிக்காததை அழித்து, 90 விநாடிக்குள் பேசி அனுப்பும். இதற்கென்றே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது ஃபிளிப்கிரிட். 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி இலவசமாக்கியது. 2024 ஜூலையில் தனிச் செயலியை மூடி, டீம்ஸுக்குள் சேர்த்துட்டாங்க. செயலி போனா போகட்டும், சாதாரண போனே போதும்.

எங்க லப்பைக்குடிக்காடு மாதிரி ஊர்களுக்கு இது அந்நியமும் இல்ல. வளைகுடா போனவர்களுக்குக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று உண்டே!

ஆனா வீடியோவை வாட்ஸப் குரூப்பில் போட்டு, லைக் வாங்கினதோடு முடிந்தால் அது வெறும் வீட்டுப்பாடம். அதை விவாதமாக்கும் வேலை ஆசிரியருடையது. மார்கரெட் ஸ்மித், மேரி கே ஸ்டீன் இருவரும் கணித வகுப்பு விவாதம் பற்றி 2011-ல் எழுதிய நூல் இதைத்தான் வலியுறுத்துகிறது: மாணவர் பதில்களில் சிலவற்றைத் தேர்ந்தெடு, வரிசைப்படுத்து, இணை.

உதாரணத்துக்கு ஒரு கேள்வி: கோடையில் வெள்ளாறு காய்ந்து கிடக்கும்போது, மணலைத் தோண்டினால் ஊற்று வருதே, எப்படி? "கீழே இன்னொரு ஆறு ஓடுது" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். "மழைத்தண்ணி மணல் இடுக்கில் நிக்குது" என்று இன்னொன்று. "மணல் அள்ளின இடத்துல ஊற்று என்னாகும்?" என்று ஒன்று திருப்பிக் கேட்கலாம். வகுப்பில் இந்த மூன்றை மட்டும், இதே வரிசையில் போடுங்கள். முதல் பதில் தப்பு என்று உடனே சொல்ல வேண்டாம். ஒரு டம்ளர் நிறைய மணலில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எவ்வளவு பிடிக்குது என்று பார்த்த பிறகு அவங்களே பேசட்டும்.

நடைமுறைக் கணக்கு ஒன்று. 35 பேர், ஆளுக்கு 90 விநாடி என்றால் 52 நிமிடத்துக்கு மேல். எந்த ஆசிரியரும் தினமும் உட்கார்ந்து கேட்க முடியாது. முறை வைத்து வாரம் 12 பேர் என்றால் 18 நிமிடம். முடியும். வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியிலேயே ஒரு போன், ஒரு அமைதியான மூலை வேண்டும்.

இன்னொன்று, முகம் தெரிய வேண்டியதில்லை. கேமரா, வரைந்த படத்தையோ டம்ளரையோ பார்க்கட்டும், குரல் மட்டும் போதும். பெண் பிள்ளைகளின் வீடியோ எங்கே போகும் என்று பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோர் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சம்மதம் வாங்குங்கள். குரூப்பில் போடாமல் ஆசிரியருக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஒரு மாதம் செய்து பாருங்கள். வகுப்பில் வாய் திறந்தவர்கள் பெயரை மட்டும் ஒரு தாளில் குறித்துவாருங்கள். அது அந்த நாலு பேரைத் தாண்டினால், முறை வேலை செய்யுது என்று அர்த்தம்.