பட்டறைப் பணம் மனைக்குப் போகிறது

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் வென்ஜோ என்றொரு கடலோர நகரம் இருக்கிறது. கடலை விட்டால் சுற்றிலும் மலை. ஆளுக்குக் கால் ஏக்கர்கூடத் தேறாத விளைநிலம். அரசு பெரிதாக எந்த ஆலையையும் கொண்டுவந்து வைக்காத பூமி. 1978-க்குப் பிறகு சீனாவில் கதவு சற்றே திறந்ததும் அந்த ஊர்க்காரர்கள் வீட்டு முன்னறையிலேயே தொழில் தொடங்கினார்கள். ஒரு கிராமம் முழுக்கச் சட்டைப் பொத்தான், இன்னொன்றில் செருப்பு, வேறொன்றில் சிகரெட் லைட்டர், அடுத்ததில் மின்சுவிட்ச். வங்கி இவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மாமன் மச்சானும் அக்கம்பக்கமும் போட்ட சீட்டுப் பணத்தில்தான் எல்லாம் நடந்தது. இதைச் சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ சொன்னால், "இது நம்ம கதைதானே" என்பார்கள். உண்மையும் அதுதான். நம்மூரைச் சீன மாகாணத்தோடு ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றுமதியையும் எட்டு வழிச் சாலையையும் பற்றியே பேசுகிறார்கள். ஒப்பிட வேண்டியது பணம் எங்கே புரண்டது, பிறகு எங்கே போய்ப் படுத்தது என்பதைத்தான்.

சேலம், நாமக்கல் சமவெளியின் தொழில்களைப் பெருமுதலாளி யாரும் உருவாக்கவில்லை. மேட்டூருக்குக் கீழே காவிரிக் கரையோரத்தை விட்டால் இது மானாவாரிக் காடு. கிணறு வற்றியதும் வண்டியில் கிளீனராக ஏறியவர் டிரைவராகி, நாலு பேரைக் கூட்டுச் சேர்த்து ஒரு பழைய லாரி வாங்கி ஓனரானார். டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்ற இந்த வட்டார எண் பலகைகளை இந்தியாவின் எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்க முடிவதற்கும், தென்னிந்தியாவில் சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர்களில் பெரும்பங்கு நாமக்கல்காரர்களிடம் இருப்பதற்கும் அடிப்படை இந்தக் கூட்டுதான். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். துளையிடும் வண்டி ஒன்று, பைப்பும் டீசலும் ஏற்றும் துணை வண்டி ஒன்று, கம்ப்ரசர் எல்லாம் சேர்ந்தால் கோடியைத் தாண்டும். தனியொருவரால் ஆகிற காரியமில்லை. எனவே பங்கு. பங்காளிகளில் ஒருவர் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ வண்டியோடு தங்கி ஏஜெண்டுகளைப் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் ஊரில் கணக்குப் பார்ப்பார்கள். அடிக்கு இவ்வளவு ரேட், கேசிங் பைப்புக்குத் தனி, அதில் டீசலும் ஆள் கூலியும் வட்டியும் போக மீதி பங்குக்கு ஏற்றபடி பிரியும். நம்பிக்கையே மூலதனமாக நின்ற அமைப்பு இது. 1943 வாக்கில், உலகப் போரால் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது மரவள்ளிக் கிழங்கில் அதைச் செய்துபார்த்த சேலத்து வியாபாரிகளின் துணிச்சலும் இதே வகைதான். 1981-ல் ஆலைக்காரர்கள் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தச் சுழற்சிக்கு ஒரு விதி இருந்தது. ஒரு வண்டியின் லாபம் அடுத்த வண்டிக்குப் போகும். நாமக்கல் முட்டைப் பண்ணையில் ஒரு கோழிக் கொட்டகையின் லாபம் பக்கத்துக் கொட்டகையாக எழும். வென்ஜோவிலும் அப்படித்தான் இருந்தது, 2000-க்குப் பிறகு மாறும்வரை. பொத்தானிலும் செருப்பிலும் லாபம் ஒடுங்கியது. வீட்டு விலையோ கண்ணெதிரே ஏறியது. அந்த ஊர்க்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி ஷாங்காய்வரை போய் அடுக்குமாடி வீடுகளை மொத்தமாக வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் வாங்குகிறவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். 2011-ல் அந்நாட்டு மத்திய வங்கியின் உள்ளூர்க் கிளை ஒரு கணக்கெடுத்தது. நூற்றுக்கு 89 குடும்பங்கள் தனியார் கொடுக்கல் வாங்கலில் இருந்தன. அந்தப் பணத்தில் உற்பத்திக்குப் போனது 35 சதவீதம் மட்டுமே. 20 சதவீதம் வீடு மனைக்கு. சுமார் 40 சதவீதம் எந்தத் தொழிலையும் தொடாமல், ஒரு வட்டிக்காரரிடமிருந்து இன்னொரு வட்டிக்காரருக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டே அரசு கடனை இறுக்கியது. ஆலை முதலாளிகள் பலர் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடினார்கள். பிரதமரே நேரில் வர வேண்டியதாயிற்று. வீட்டு விலை ஆண்டுக்கணக்கில் சரிந்துகொண்டே போனது. ஓடியவர்கள் தொழில் தெரியாதவர்கள் அல்லர். அவர்களுடைய செருப்பும் லைட்டரும் விற்காமல் போகவில்லை. தொழிலுக்கான பணம் தொழிலில் இல்லை, அவ்வளவுதான்.

நம் சமவெளியில் இப்படியொரு கணக்கெடுப்பு நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் நெடுஞ்சாலையில் கண்ணைத் திறந்து பார்த்தால் போதும். நேற்றுவரை கடலையும் சோளமும் விளைந்த காடுகளில் வரிசையாக வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரோடு 'நகர்', 'கார்டன்' சேர்த்துத் தகர வளைவு. உள்ளே ஒரு வீடு இருக்காது, வேலிக்கருவை முளைத்திருக்கும். ஆனால் எல்லா மனையும் விற்றுப்போயிருக்கும். வாங்கியவர்களில் லாரி, ரிக், பண்ணை, விசைத்தறிக் குடும்பங்கள் எத்தனை என்பதை எந்தப் பத்திர எழுத்தரும் சொல்வார். அவர்கள் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது. லாரி தேய்கிறது. முட்டைக்கோழி எண்பது வாரத்தில் கழிவுக்கோழி. 2006-ல் நாட்டின் இன்னொரு மூலையில் பறவைக் காய்ச்சல் வந்ததற்கு இங்கே முட்டை விலை விழுந்தது. தீவனம் உற்பத்திச் செலவில் முக்கால் பங்கை நெருங்குகிறது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கிய பிறகு தீவன விலை பண்ணைக்காரர் கையில் இல்லை. டீசலும் சுங்கமும் ஏறுகிற வேகத்தில் வாடகை ஏறுவதில்லை. இப்படிப்பட்டவரிடம், அசையாமல் கிடந்தே விலை ஏறுகிற ஒரு பொருளைக் காட்டினால் அவர் வேறு என்ன செய்வார்?

ஆனால் அவர் ஒதுங்கும் நேரமும் தொழில் பணம் கேட்கும் நேரமும் ஒன்றாக வந்திருக்கின்றன என்பதுதான் என் கவலை. நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளைப் பாருங்கள். எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள வெறும் சேஸிஸ் வந்து சேரும். தச்சர், வெல்டர், டிங்கர், பெயிண்டர், எலெக்ட்ரிசியன் என்று பல கைகள் பட்டு முழு லாரியாகி வெளியே போகும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். கேபினே ஆலையிலிருந்து முழுதாக வந்து இறங்கினால் பட்டறைக்கு மிஞ்சுவது பின்பக்கத் தொட்டி மட்டும்தான். அந்த வேலையைக் கையில் வைத்திருக்கப் புது எந்திரம் வேண்டும், சோதனை வசதி வேண்டும், படித்த கைகள் வேண்டும். பண்ணையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூடிய கொட்டகை வேண்டும். முட்டை விலை விழும் வாரத்தில் தூளாக்கி வைக்க ஆலைகள் பெருக வேண்டும். கிழங்கு மாவைக் காகித ஆலையும் துணி ஆலையும் கேட்கிற பக்குவத்தில் மாற்றித்தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கோடிகள் ஆகும். அந்தக் கோடிகள் ஊரில் இல்லாமல் இல்லை, வெள்ளைக் கல்லுக்கு அடியில் கிடக்கின்றன.

நிலம் முடங்கிய பணம் அல்ல, அதை அடமானம் வைத்துத்தானே தொழிலுக்கே கடன் வாங்குகிறோம் என்று ஒரு மறுப்பு வரும். வலுவான மறுப்புதான். வங்கிகள் பட்டறையின் வேலை வரத்தைப் பார்க்காமல் பத்திரத்தை மட்டும் பார்க்கிறவரை, நிலம் இல்லாதவருக்குக் கடனும் இல்லை. ஆனால் இந்த வாதம் ஒரு மனைக்குச் செல்லும், இரண்டாவதற்கும் செல்லும். ஐந்தாவது மனை கடனுக்கான ஈடாக இருப்பதில்லை, விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறது. மேலும், ஈடாக வைத்த நிலத்தின் விலை இறங்கினால் தொழிலும் சேர்ந்து இறங்கும். வென்ஜோவில் நடந்தது அதுவே. இது சீனா அல்ல, இங்கே விலை அப்படி விழாது என்பார்கள் சிலர். விழாமலே இருக்கட்டும். அப்போதும் கேடுதான். மனை விலை ஏற ஏற, நாளை ஒரு கிளீனரின் மகன் பட்டறை போட இடம் தேடும்போது அவனால் வாடகைகூடக் கொடுக்க முடியாது. கிளீனரை ஓனராக்கிய ஏணி அதே ஊரில், அதன் வழியே ஏறியவர்களின் பணத்தாலேயே எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பிள்ளைகளின் படிப்புக்கும் இதே வட்டாரம் அள்ளிக் கொடுக்கிறது, அதுவும் முதலீடுதானே என்று கேட்பவர்களுக்கு, ஆம், முதலீடுதான். படித்த பிள்ளை திரும்பி வந்து உட்கார ஒரு தொழில் இருந்தால்.

வென்ஜோ அடிபட்ட பிறகு சும்மா இருக்கவில்லை. 2012-ல் அதை நிதிச் சீர்திருத்தச் சோதனைக் களமாக அந்நாட்டு அரசு அறிவித்தது. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தனியார் கடன்களை அங்கே பதிவு செய்தாக வேண்டும். நம்மூர்ச் சீட்டுக்கும் பைனான்சுக்கும் அப்படியொரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லாரிக்காரர்களுக்கும் ரிக்காரர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் வலுவான சங்கங்கள் இருக்கின்றன. வாடகையையும் விலையையும் பேசுகிற அதே மேசையில், உறுப்பினர்கள் பங்கு போட்டு ஒரு தொழில் நிதியைத் திரட்டலாம். அதில் எந்திரத்துக்கும் கொட்டகைக்கும் மட்டும்தான் கடன், மனைக்குக் கிடையாது என்று எழுதி வைக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து ஒரு ரிக் வண்டி வாங்கத் தெரிந்தவர்களுக்கு, நூறு பேர் சேர்ந்து ஒரு முட்டைத்தூள் ஆலை போடுவது புதிய வித்தை இல்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அப்படியொரு கடனுக்கு எத்தனை பட்டறைகள் மனுப் போடும் என்பது.