பொறி பொய்த்தால்...?

பேய்க்கதை படித்தால் விளக்கை ஏற்றியதும் அச்சம் அகலும். துப்பறியும் கதையா? கடைசி ஏட்டில் குற்றவாளி சிக்கிக்கொள்வான், நிம்மதியாகத் தூங்கலாம். மூடிவைத்த பிறகுதான் அச்சம் தொடங்குகிறது என்ற வகையிலே ஒரு நவீனம் உண்டு, நண்பர்களே! பெயர் ‘ஃபெயில்-சேஃப்’. யூஜீன் பர்டிக், ஹார்வி வீலர் என்ற அமெரிக்கர் இருவர் சேர்ந்து எழுதி, 1962-இல் வெளிவந்த ஏடு.

செவ்வாய் மண்டலத்து மனிதர் இதிலே இல்லை. பறக்கும் தட்டு இல்லை. வெறிபிடித்த தளபதி எவனும் போரைத் துவக்கவில்லை. துவக்கி வைப்பது, பழுதுபட்ட ஒரு சின்னஞ்சிறு மின் உறுப்பு!

இனந்தெரியாத ஏதோ ஒன்று வானிலே தெரிகிறது. அமெரிக்கக் குண்டு விமானங்கள் எல்லைக் கோட்டுக்குப் பறக்கின்றன. வந்தது வழிதவறிய பயணிகள் விமானம் என்று தெரிந்ததும் ‘திரும்புக’ என்கிறது தலைமையகம். எல்லாம் திரும்புகின்றன, ஓர் அணியைத் தவிர. அந்த அணிக்குப் பொறி தவறாக அனுப்பிய கட்டளை: ‘மாஸ்கோவைத் தாக்கு!’

வானொலியிலே கூப்பிட்டுத் தடுக்கலாமே என்பீர்கள். கூப்பிடுகிறார்கள். நாட்டின் தலைவரே பேசுகிறார். ஆனால், எல்லை கடந்தபின் எந்தக் குரலையும் நம்பாதே, எதிரி குரல் மாற்றிப் பேசுவான் என்பதன்றோ அந்த வீரர்கள் பெற்ற பயிற்சி! கட்டுப்பாடு மிக்கவர்கள், கடமை தவறாதவர்கள். அதனாலேயே கெட்டது காரியம். ஒழுங்காக வேலை செய்கிறவர்களாலேயே உலகம் அழிவுக்குப் போவதைக் காட்டிய இடத்தில்தான் இந்த நூல் மற்ற திகில் கதைகளைவிட உயர்ந்து நிற்கிறது என்பேன்.

தன் விமானங்களைத் தானே சுட்டு வீழ்த்த வழி சொல்லுகிறார் அமெரிக்கத் தலைவர், தொலைபேசியிலே, குருஷேவுக்கு! அப்படியும் ஒன்று தப்பிப் போய்விடுகிறது. மாஸ்கோ மடிகிறது. இது சதியல்ல, தவறுதான் என்று மெய்ப்பிக்க, நியூயார்க் நகரின்மீது தம் தளபதியைக் கொண்டே குண்டு வீசச் செய்கிறார் தலைவர். தலைவரின் மனைவி அன்று இருப்பது அந்த நியூயார்க்கிலே. தளபதியின் குடும்பமும் அங்கேதான்.

‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழிலே இது தொடராக வந்தது 1962 அக்டோபரில். கியூபாவில் ருஷ்ய ஏவுகணைகளைக் கண்டு உலகமே மூச்சடக்கி நின்ற அதே மாதம்! எழுதியவர்கள் திட்டமிட்டா அந்தப் பொருத்தம் அமையும்? வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடிச் செய்திக் கம்பி அமைந்ததே 1963-இல்தான். அதுவும் பேசும் கருவி அல்ல, தட்டச்சுக் கருவி.

‘நடக்கவே நடக்காது’ என்று மறுத்தவர்களும் உண்டு. சிட்னி ஹூக் என்ற தத்துவப் பேராசிரியர் இந்த நூலை மறுத்துத் தனி நூலே எழுதினார். 1964-இல் படமாக வந்தபோது, இத்தகைய நிகழ்ச்சி ஏற்பட வழியில்லை என்பது பாதுகாப்புத் துறையின் நிலை என்ற வாசகம் படத்தின் முடிவிலே இடம்பெற்றது. மறுப்பிலே நியாயம் இல்லாமலும் இல்லை. உறுதியான கட்டளை வராவிட்டால் விமானம் தானே திரும்பவேண்டும், கட்டளை வந்தாலும் மனிதர் சரிபார்க்கவேண்டும் என்பதே மெய்யான ஏற்பாடு. கதாசிரியர்கள் காட்டிய வழியிலே கதவு அடைத்திருந்தது. மற்ற வழிகளோ?

1979 நவம்பர் 9. அமெரிக்க வான்காப்பு நிலையத்தின் திரையிலே ருஷ்ய ஏவுகணைகள் திரள்திரளாக! சண்டை விமானங்கள் கிளம்பின. தலைவருக்கென வைத்திருந்த அவசர விமானமும், தலைவர் இல்லாமலே, கிளம்பிற்று. பார்த்தால், பயிற்சிக்காக வைத்திருந்த போர் ஒத்திகை, மெய்யான கணிப்பொறிக்குள் ஓடிவிட்டது! அடுத்த ஆண்டு ஜூன் 3-இல் மீண்டும் அமளி. பூச்சியம் இருக்கவேண்டிய இடத்தில் 2 என்ற எண் தோன்றிற்று. குற்றவாளி, 46 சென்ட் விலையுள்ள ஒரு சில்லு.

1962 அக்டோபர் 25 இரவு நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். டுலூத் தளத்தின் வேலியிலே ஏறியது ஒரு கரடி. அபாய மணி அடித்தார்கள். மணிக்கம்பி தவறாக இணைத்திருந்த விஸ்கான்சின் தளத்திலோ, அணு ஆயுதம் தாங்கிய விமானங்கள் ஓடுபாதைக்கு வந்துவிட்டன. விளக்கை அணைத்தணைத்துக் காட்டியபடி கார் ஒன்று விரைந்தோடி மறித்தது.

1983 செப்டம்பர் 26-இல் ருஷ்யத் துணைக்கோள் ஐந்து ஏவுகணைகளைக் கண்டதாகச் சொன்னது. பணியிலிருந்த பெத்ரோவ் என்ற அதிகாரி நம்ப மறுத்தார். போர் தொடுப்பவன் ஐந்தோடா நிறுத்துவான்? மேகத்திலே பட்ட வெயிலைத்தான் ஏவுகணை என்றது பொறி! பர்டிக் கதையிலே விதிப்படி நடந்தவர்கள் ஒரு நகரத்தை எரித்தார்கள்; இங்கே விதியை மீறி ஐயுற்றவர் காத்தார். பதிவேட்டை நிரப்பவில்லை என்று கண்டனம்தான் கிடைத்ததாம் அவருக்கு.

அணு ஆயுத முடிவு மனிதன் கையிலேயே இருக்கவேண்டும், செயற்கை அறிவிடம் அல்ல என்று 2024 நவம்பரில் அமெரிக்கத் தலைவர் பைடனும் சீனத்தின் ஷி ஜின்பிங்கும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு நாடுகள் ஒப்பின. அணுகுண்டு வைத்திருப்பவை ஒன்பது.

அந்த ஒன்பதிலே நாமும் உண்டு, பாகிஸ்தானும் உண்டு. 2022 மார்ச் 9 மாலை, இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, எல்லை தாண்டி, மியான் சன்னு என்ற ஊருக்கருகே விழுந்தது. நல்லவேளை, வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பதவி இழந்தனர். ஏவுகணை பறந்தது சில நிமிடம். தவறுதான் என்று டில்லி அறிக்கை வெளியிட்டது மார்ச் 11-இல்.