சண்டிகரில் எழுதிய சோமாலிய நாவல்

நூருதீன் ஃபாரா 1945-ல் தெற்கு சோமாலியாவின் பைதோவா நகரில் பிறந்தார். தந்தை வணிகர், தாய் வாய்மொழியாகப் பாட்டுக் கட்டுவதில் கைதேர்ந்தவர். எத்தியோப்பியா ஆண்ட ஒகாடென் பகுதியில் வளர்ந்தார். எல்லைச் சண்டை மூண்டதால் 1963-ல் ஊரைவிட்டு மொகதிஷுவுக்கு வர வேண்டியதாயிற்று. சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை 1972-ல்தான் வந்தது. அதற்கு முன்பே எழுத வந்துவிட்ட ஃபாரா ஆங்கிலத்தைக் கைக்கொண்டார்.

பின்னர் ஃபாரா படிப்பதற்காக இந்தியாவுக்கு வந்தார். 1966 முதல் 1970 வரை சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் இலக்கியமும் சமூகவியலும் படித்தார். 'ஃப்ரம் எ க்ரூக்ட் ரிப்' நாவலை எழுதியது அங்கேதான், 1970-ல் வெளிவந்தது. கிழவன் ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று மேய்ச்சல் குடும்பத்துப் பெண் எப்லா வீட்டைவிட்டு ஓடுகிறாள். அடைக்கலம் தேடிப் போன உறவினனோ அவளை இன்னொருவனுக்குப் பேசி முடிக்கிறான். ஓடிப்போன பெண்ணைக் கண்டிக்காமல், அவள் பக்கம் நின்று எழுதியிருக்கிறார், இருபது வயதைச் சற்றே தாண்டிய இந்த இளைஞர்.

1969-ல் சோமாலியாவில் ராணுவப் புரட்சி மூலம் சியாத் பாரே ஆட்சியைப் பிடித்தார். 1974-ல் வெளிநாடு போன ஃபாராவுக்கு, 1976-ல் 'எ நேக்கட் நீடில்' வெளியானபின், திரும்பினால் சிறைதான் என்று தகவல் வந்தது. 22 ஆண்டுகள் நாடு திரும்பவில்லை. காம்பியா, சூடான், உகாண்டா, நைஜீரியா என்று ஊர் ஊராக வாழ்ந்தபடி எழுதியதெல்லாம் சோமாலியாவைப் பற்றியே.

அவருடைய நாவல்கள் பெரும்பாலும் மும்மூன்றாகச் சேர்பவை. சர்வாதிகாரத்தைப் பற்றிய முதல் வரிசை 'ஸ்வீட் அண்ட் சவர் மில்க்' (1979) நாவலில் தொடங்குகிறது. ஆட்சியை எதிர்த்த சோயான் மர்மமாக இறக்கிறான். அரசோ அவனையே புரட்சி வீரனாக்கிப் புகழ்கிறது. பெற்ற தகப்பனே அந்தப் பொய்க்குத் துணை போகிறார். அரண்மனைச் சர்வாதிகாரிக்கு வேர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நாவல்கள் குறைவு. இரண்டாம் வரிசையின் 'மேப்ஸ்' (1986), ஒகாடென் போரின் நடுவே, எத்தியோப்பியப் பெண் வளர்க்கும் சோமாலியச் சிறுவனின் கதை.

1991-ல் பாரே வீழ்ந்தார். உள்நாட்டுப் போர் நாட்டைச் சிதறடித்தது. 1996-ல் சோமாலியாவுக்குப் போய்வந்த ஃபாரா, 'லிங்க்ஸ்' (2004) தொடங்கி மூன்றாம் வரிசையில் அந்தச் சிதைவை எழுதினார். இடையே, 1998-ல் அமெரிக்காவின் நியூஸ்டாட் பரிசு கிடைத்தது. பின்னர் கேப் டவுனில் குடியேறினார். ஃபாராவைப் புதிதாகப் படிப்பவர்கள் சண்டிகரில் எழுதிய அந்தச் சிறிய நாவலிலிருந்தே தொடங்கலாம்.