ஹான்லே: இருட்டைக் காக்கும் எல்லைக் கிராமங்கள்

புதுதில்லி: நிலவில்லாத இரவில் தலைநகர் தில்லியில் அண்ணாந்து பார்ப்பவருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய விண்மீன்களே தென்படும். அதே இரவில் லடாக்கின் ஹான்லேயில் நிற்பவர், ஆயிரக்கணக்கான விண்மீன்களையும் பால்வீதி மண்டலத்தையும் வெறும் கண்ணால் காணலாம். வானம் ஒன்றுதான்; தில்லியில் அதை மறைப்பவை மின்விளக்குகளின் வெளிச்சமும் காற்று மாசும்.

சீன எல்லைக்கு அருகே, லே நகருக்குத் தென்கிழக்கே சுமார் 250 கி.மீ. தொலைவில் உள்ளது ஹான்லே. அதைச் சுற்றியுள்ள 1,073 சதுர கி.மீ. பரப்பு, 2022 டிசம்பரில் நாட்டின் முதல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் காப்பகம் கண்ட நாட்டில், இருளுக்கென ஒரு காப்பகம் அமைந்தது அதுவே முதல்முறை.

ஏன் ஹான்லே? சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வானாய்வகத்தின் வழிவந்தது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் மையம். அதன் காவலூர் ஆய்வகம் ஜவ்வாது மலையில் உள்ளது. தென்னகத்தில் மழைக்கால மேகங்கள் ஆய்வுக்குப் பல மாதங்கள் தடையாகின்றன. ஹான்லேயோ மழை மறைவுப் பகுதியில் உள்ள குளிர்பாலைவனம். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறது, நீராவியும் குறைவு. விண்மீன்களிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிவிடுவது இந்த நீராவிதான்.

அங்குள்ள 2 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 2000-ம் ஆண்டு முதன்முதலாக வானைப் படம் பிடித்தது. செயற்கைக்கோள் இணைப்பு வழியாக, பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து அது இயக்கப்படுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டுள்ளது. எரிபொருள் தீர்ந்து சுருங்கும் வெண்குறு விண்மீனின் நிறை, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் அது நிலைத்து நிற்க முடியாது என்று கணக்கிட்டுச் சொன்னவர் அவர். வெடித்துச் சிதறும் விண்மீன்கள் இன்று அவர் பெயர் தாங்கிய கருவியால் ஆராயப்படுகின்றன.

பழைய ஒளி: வானத்தைப் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பதாகும். இருண்ட வானில் மங்கிய வெண்திட்டாகத் தெரியும் ஆண்ட்ரோமெடா மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி புறப்பட்டபோது பூமியில் இன்றைய மனித இனமே தோன்றியிருக்கவில்லை.

கண்ணுக்குப் புலப்படாத காமா கதிர்களின் கதை வேறு. அவை வளிமண்டலத்தில் மோதி, துகள்களின் மழையை உண்டாக்குகின்றன; அப்போது ஒரு வினாடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் நீலஒளி பிறக்கிறது. அதைப் பதிவு செய்ய, பாபா அணு ஆராய்ச்சி மையம் ஹான்லேயில் அமைத்த 21 மீட்டர் விட்டமுள்ள 'மேஸ்' தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. இத்தனை நுண்ணிய ஒளியைத் தேடும் கருவிக்கு அருகில் எரியும் விளக்கும் இடையூறே.

மக்களின் பங்கு: இருளைக் காப்பது என்றால் கிராமங்களை இருளில் தள்ளுவது அல்ல. தெருவிளக்கின் ஒளி மேலே சிதறாதபடி மூடியிடுவது, வெள்ளை விளக்குக்குப் பதில் இளமஞ்சள் விளக்கு, சன்னல்களுக்குக் கனத்த திரை, வாகன முகப்பு விளக்குகளைத் தாழ்த்துவது ஆகியவையே கோரப்படுகின்றன. பதிலுக்கு, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் தொலைநோக்கிகளும் தரப்பட்டுள்ளன. வீடுகளில் தங்கும் பயணிகளுக்கு அவர்கள் வானத்தைக் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர்.

சிக்கலும் இங்கேதான் உள்ளது. உம்லிங் லா சாலையால் பயணிகள் வருகை பெருகுகிறது. பயணிகள் பெருகினால் விடுதிகளும், அவற்றுடன் விளக்குகளும் பெருகும். எல்லைப் பாதுகாப்புக்கான சாலைகளும் முகாம்களும் தவிர்க்க இயலாதவை. 2019-ல் யூனியன் பிரதேசமான லடாக்குக்குச் சட்டப்பேரவை இல்லை. நிலமும் சுற்றுச்சூழலும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அம்மக்களின் நெடுநாள் கோரிக்கை.

தொலைநோக்கியை அரசு நிதி ஒதுக்கி அமைத்துவிடலாம். அதன் மீதுள்ள இருளை நாள்தோறும் காக்க வேண்டியவர்கள் ஹான்லே மக்களே. அவர்களது ஒப்புதலும் பிழைப்பும் உறுதி செய்யப்படும் வரையில்தான் அந்த வானமும் தெளிவாக இருக்கும்.