ஞாயிற்றுக்குப் பின் திங்கள் வருவது ஏன்?

பல பள்ளிகளில் காலைக் கூட்டத்தின்போது நாள்தோறும் ஒரு பொது அறிவுச் செய்தியைப் படிக்கிறார்கள். அந்தச் செய்திக்கு முன்பே கரும்பலகையில் 'செவ்வாய்க்கிழமை' என்று எழுதி வைக்கிறோம் அல்லவா? அந்த ஒரு சொல்லே நல்ல பொது அறிவுச் செய்திதான். அதில் மொழி உண்டு, வரலாறு உண்டு, ஒரு சின்னக் கணக்கும் உண்டு.

முதலில் மொழியைப் பார்ப்போம். ஞாயிறு என்றால் சூரியன். திங்கள் என்றால் சந்திரன். மற்ற ஐந்தும் வெறும் கண்ணுக்குத் தெரியும் கோள்கள். சிவப்பாகத் தெரிவதால் செவ்வாய். வெண்மையாக ஒளிர்வதால் வெள்ளி. சனி என்ற பெயர் 'மெதுவாக' என்று பொருள்படும் வடசொல்லோடு தொடர்புடையது.

இப்போது ஒரு கேள்வி. ஏழு பெயர்களும் ஏன் இந்த வரிசையில் நிற்கின்றன? சூரியனிலிருந்து உள்ள தொலைவின்படி அடுக்கினால் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்று வரவேண்டும். ஒளியின்படி அடுக்கினால் திங்களுக்கு அடுத்து வெள்ளி வரவேண்டும். இரண்டுமே பொருந்தவில்லை. அப்படியானால் இந்த வரிசை எங்கிருந்து வந்தது?

பழங்கால வானம்

தொலைநோக்கி இல்லாத காலத்தில், விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஏழு பொருள்களை மக்கள் கவனித்தார்கள். புறப்பட்ட விண்மீனுக்கே திரும்பி வர சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. வியாழனுக்குச் சுமார் 12 ஆண்டுகள். செவ்வாய்க்கு ஏறக்குறைய 2 ஆண்டுகள். சூரியனுக்கு 1 ஆண்டு. சந்திரனுக்கு 27⅓ நாட்கள். மெதுவாகச் செல்வது தொலைவில் இருக்கும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். வெள்ளியும் புதனும் சூரியனை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகையால் அவற்றின் இடம் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. இறுதியில் அவற்றைச் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் வைத்தார்கள். பூமியை நடுவில் நிறுத்திய அந்த வரிசை இதுதான்:

சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள்.

24 மணியும் ஏழு கோள்களும்

எகிப்தியர் பகலை 12 ஆகவும் இரவை 12 ஆகவும் பிரித்தார்கள். இந்த 24 மணிகளையும் மேற்கண்ட வரிசைப்படி ஒவ்வொரு கோளுக்கும் உரியதாக எண்ணும் பழக்கம் பின்னர் உண்டாயிற்று. நாளின் முதல் மணி எந்தக் கோளுக்கு உரியதோ, அதன் பெயரே அந்த நாளுக்கு.

முதல் மணியைச் சனிக்குக் கொடுத்து எண்ணிப் பாருங்கள். 8, 15, 22-ஆம் மணிகளும் சனிக்கே வரும். 23-ஆம் மணி வியாழனுக்கு. 24-ஆம் மணி செவ்வாய்க்கு. அத்துடன் நாள் முடிகிறது. அடுத்த நாளின் முதல் மணி ஞாயிற்றுக்கு! ஆகவே சனிக்குப் பின் ஞாயிறு. 24-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகையால் ஒவ்வொரு நாளும் வரிசையில் மூன்று இடம் தள்ளிப் போகிறோம். ஞாயிற்றிலிருந்து மூன்றாவது இடம் திங்கள். திங்களுக்குப் பின் மீண்டும் சனியிலிருந்து தொடங்கினால், மூன்றாவது செவ்வாய். இப்படியே வாரம் முழுவதும் சரியாக வந்துவிடுகிறது.

சான்றுகள் என்ன? கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரின் சுவர் ஒன்றில், சனி முதலாக நாட்களின் பெயர்களை யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசியஸ் டியோ என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் இந்த மணிக் கணக்கை விளக்கி எழுதினார். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்து ஏரண் கல்வெட்டு, கி.பி. 484-ஆம் ஆண்டின் ஒரு வியாழக்கிழமையைக் குறிக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஆரியபட்டர் தம் ஆரியபட்டீயத்தில் இதே விதியைச் சொல்கிறார். தொடங்கும் கோளையும் சேர்த்து எண்ணுவதால் அவர் 'நான்காவது' என்கிறார். நம் பஞ்சாங்கங்களில் வரும் 'ஓரை' என்ற சொல், கிரேக்க மொழியின் 'ஹோரா'விலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லுக்கும் அதுவே மூலம்.

செவ்வாய்க்கு இது தெரியுமா?

செவ்வாய்க்கிழமையில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சிறிது யோசியுங்கள். சென்னையில் செவ்வாய்க்கிழமை காலை 6 மணியாக இருக்கும் அதே நொடியில், நியூயார்க்கில் திங்கட்கிழமை இரவு. வானத்திலிருக்கும் செவ்வாய்க்கோள் இவ்விரண்டில் எதைக் கணக்கில் கொள்ளும்? அதன் சிவப்புக்குக் காரணம் கோபம் அல்ல, மண்ணிலுள்ள இரும்பின் துரு.

மேலும், பூமி நடுவில் இல்லை என்று 1543-இல் வெளிவந்த நூலில் கோப்பர்நிக்கஸ் வாதிட்டார். 1781-இல் யுரேனஸும் 1846-இல் நெப்டியூனும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆனால் அவற்றின் பெயரால் வாரத்தில் நாள் ஏதும் இல்லை. நாட்களின் பெயர் கோள்கள் நமக்கு இட்ட கட்டளை அன்று. மனிதர் எண்ணிய எண்ணிக்கை. அந்தப் பழைய வானப்படம் தவறு என்று ஆகிவிட்டது. கணக்கு மட்டும் நம் நாட்காட்டியில் நிற்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு வட்டம் வரைந்து, மேலே சொன்ன ஏழு பெயர்களையும் அதே வரிசையில் சம இடைவெளியில் எழுதுங்கள். ஞாயிற்றில் தொடங்கி மூன்று மூன்று இடமாகத் தாண்டிக் கோடு போடுங்கள். அழகிய ஏழு முனை நட்சத்திரம் கிடைக்கும். கோடு போகும் வழியே வாரம்.

பிறகு இதற்கு விடை காணுங்கள்: நாளை 28 பங்காகப் பிரித்திருந்தால் சனிக்கு மறுநாள் எது? 25 பங்காக என்றால்?

விடை: 28 என்றால் மீதி இல்லை, மறுநாளும் சனிதான்! 25 என்றால் மீதி 4, மறுநாள் வெள்ளி.